ஆறாவது வாரம்

எங்கள் தெருமுனை வீட்டின் சுற்றுச்சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரம். வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இரண்டு முறை வெள்ளையடித்துவிட்டார். கோட்டை மட்டும் தொடவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் அதன்மேல் கைவைத்து, "இதோ, இவ்வளவு" என்று காட்டுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருப்பதாகத் தோன்றும். சென்னைக்காரர்கள் வெள்ளத்தை அளப்பது இப்படித்தான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதல் மாடி. கூடவே ஒரு நாள் கணக்கு: எத்தனை நாள் கரண்ட் இல்லை, எத்தனை நாள் பால் வரவில்லை, படகு வந்தது எந்தக் கிழமை.

நோய்க்கு இந்த அளவுகோல்கள் பொருந்துவதில்லை. அதன் கணக்கு வாரக் கணக்கு. சேற்றை வழித்து வெளியே தள்ளி, மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டு, நிவாரணத்தொகைக்கு வரிசையில் நின்று, கடைசியில் பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போகிற நேரத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிறது. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்கிறார். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். எங்கேயோ வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவாகிறது. அந்தப் பேச்சில் வெள்ளத்தின் பெயர் வருவதே இல்லை.

டிசம்பர் முதல் தேதிக்கும் பொங்கலுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு வாரம். இந்த ஆறு வாரத்தின் பொருளை ஓர் இந்திய நகரம் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது 1955இல்.

டெல்லிக்கு யமுனைத் தண்ணீர். வஜீராபாதில் ஆற்றங்கரையில் நீரேற்று நிலையம். அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் நாலா என்ற பெரிய வாய்க்கால் நகரத்தின் கழிவைச் சுமந்துவந்து ஆற்றில் விழுகிறது. குடிக்கிற தண்ணீர் மேலே, கழித்த தண்ணீர் கீழே. ஆறு மேலிருந்து கீழாக ஓடுகிறவரை இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆண்டு மழைக்கால முடிவில் யமுனையில் பெருவெள்ளம். வடிந்தபோது ஆறு பழைய தடத்துக்குத் திரும்பவில்லை. எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது. நிலையத்தின் வாயருகே ஓட்டம் செத்துப்போக, நாலாவின் கழிவு எதிரேறி உறிஞ்சுகுழாய்வரை வந்துவிட்டது. நவம்பர் நடுவில் சுமார் ஒரு வாரம் நாட்டின் தலைநகரம் தன் சாக்கடையைத் தானே திரும்ப இறைத்துக்கொண்டிருந்தது.

பொறியாளர்கள் தூங்கவில்லை. இந்தக் கதையில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிற இடம் இதுதான். கலங்கலைக் கண்டுகொண்டார்கள், படிகாரத்தைக் கூட்டினார்கள், குளோரினைக் கூட்டினார்கள். பலனும் கிடைத்தது. டைஃபாய்டும் சீதபேதியும் கிளம்பவில்லை. அன்றைய சுகாதாரப் பாடப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் டெல்லி தேர்வில் தேறிவிட்டது. நகரம் குளிருக்குக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு விஷயத்தை மறந்தது. பிறகு டிசம்பர் பிறந்தது. மஞ்சள்காமாலைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர், இருவர், ஒரு தெரு, ஒரு பேட்டை. ஜனவரியின் பிற்பாதியில் அலை ஓயும்போது, கண் மஞ்சளாகி வெளிப்படையாகவே நோயுற்றவர்கள் மட்டும் சுமார் 29,300 பேர் என்று கணக்கெடுத்தார்கள். கர்ப்பிணிகளை அது மிகக் கடுமையாகத் தாக்கியது. மற்றவர்கள் எழுந்து நடமாடியபோது அவர்களில் பலர் எழவில்லை.

குளோரினுக்கு மடிந்தவை பாக்டீரியாக்கள். தப்பி வந்தது ஒரு வைரஸ். அது எந்த வைரஸ் என்று தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. டெல்லிக் கொள்ளைநோயின்போது எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த ரத்தச் சீரத்தை 1980வாக்கில் சோதித்தார்கள். அதுவரை தெரிந்திருந்த ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று ஆனது. அடுத்து, பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட படைவீரர்களின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்தார். வாரங்கள் கழித்து அவருக்கும் காமாலை வந்தது. தன் மலத்திலிருந்தே அந்த வைரஸை மின்நுண்ணோக்கியில் பிடித்துக் காட்டி 1983இல் கட்டுரை வெளியிட்டார். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ. உடம்பில் புகுந்து வெளியே தெரிய அது எடுத்துக்கொள்கிற காலம் இரண்டு வாரம் முதல் பத்து வாரம்வரை, பெரும்பாலும் ஐந்து ஆறு.

இதில் நகரத்துக்கு இருக்கிற சேதி, அந்த வைரஸின் கெட்டித்தனத்தைவிட முக்கியமானது. தண்ணீர் பிசகியது நவம்பரில்; மனிதர்கள் விழுந்தது டிசம்பர், ஜனவரியில். நடுவில் ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் எல்லா நகர நிர்வாகங்களும் "நிலைமை கட்டுக்குள் உள்ளது" என்று அறிக்கை விடுகின்றன. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் பார்க்கிற பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளம் நோயைக் கொண்டுவருகிறது என்று நாம் சொல்வது பேச்சுவழக்கு. வெள்ளத்துக்கு அப்படி ஒரு சரக்கு கிடையாது. வானத்திலிருந்து விழும்போது மழைத்தண்ணீர் ஏறக்குறையச் சுத்தமானது. நோய் நகரத்திலேயே இருக்கிறது: குடலில், சாக்கடையில், எலி வளையில், வெளியே கிடக்கும் டயரில். ஊர் அவற்றை எல்லாம் தனித்தனி அறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. வெள்ளம் பூட்டைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு நகரத்தின் சுகாதார வரலாற்றை எழுத உட்கார்ந்தால், குடிக்கிற தண்ணீருக்கும் கழித்த தண்ணீருக்கும் நடுவே அது எந்தெந்தக் காலத்தில் எப்படிச் சுவர் எழுப்பியது என்ற கதையாகத்தான் அது முடியும்.

சென்னையின் கதையும் அதுதான். 1772இல் கோட்டைக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று ஏழு கிணறு வெட்டினார்கள். பேர் இன்றும் ஒரு பேட்டையாக நிற்கிறது. கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் அவரவர் கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்தார்கள், வாந்திபேதி வரும்போது மாரியம்மனையும். நூறு ஆண்டு கழித்து, 1872இல், செங்குன்றத்திலிருந்து புழல் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் வந்தது திறந்த வாய்க்காலில், வடிகட்டாமல். திறந்த வாய்க்காலில் என்னென்ன விழும் என்று தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வடிகட்டுவதன் அருமையை உலகத்துக்கு உறைக்கும்படி காட்டியது ஹாம்பர்க். 1892இல் அங்கே காலரா. சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஹாம்பர்க்கும் பக்கத்து ஊரான அல்டோனாவும் ஒட்டிப் பிறந்தவை. இரண்டும் எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தன. சொல்லப்போனால் அல்டோனா எடுத்தது ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த கீழ்த்தண்ணீர். ஆனால் மணலில் வடித்துக் கொடுத்தது. காலரா ஊர் எல்லைவரை வந்து, தெருவுக்கு இந்தப் பக்கம் கொன்று அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு மணலைப் பற்றி யாரும் வாதாடவில்லை. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மேட்லி என்ற பொறியாளர் மணல் வடிப்பான்களோடு நீரேற்று நிலையத்தைக் கட்டி, புழலிலிருந்து மூடிய கால்வாயில் தண்ணீரைக் கொண்டுவந்தார். தியாகராய நகரில் அவர் பேரில் ஒரு சாலை இருக்கிறது. மழை பெய்தால் அதன் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். அந்தப் பெயரைச் சென்னை உச்சரிப்பதே பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

ஆக, ஏரியிலிருந்து வடிப்பான்வரை சுவர் எழுந்துவிட்டது. வடிப்பானிலிருந்து வீட்டுக் குழாய்வரை? அங்கேதான் நாம் இன்னும் 1872இல் இருக்கிறோம்.

சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. சாக்கடை தானாகச் சரிந்து ஓட இங்கே சரிவு கிடையாது. குழாயில் கொஞ்ச தூரம் ஓடவிட்டு, கிணற்றில் சேர்த்து, மோட்டார் வைத்து மேலே ஏற்றி, மறுபடி ஓடவிட வேண்டும். நீரேற்றும் மோட்டார் நின்றால் கழிவும் நிற்கும். வெள்ளத்தில் முதலில் போவது கரண்ட். அப்புறம் நடப்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசல் வழியாக வெள்ளம் வரும் என்று வாசற்படியில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருப்போம். தண்ணீர் வருவது குளியலறைத் தரைத் துளையிலிருந்து. முதலில் ஒரு கொப்பளிப்புச் சத்தம், பிறகு கறுப்பாக ஒரு வளையம், பிறகு மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், தரை முழுக்க. எங்கள் வீட்டில் துளையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்து அதன்மேல் அரிசி வாளியைத் தூக்கி வைத்தோம். வாளி ஒரு பக்கம் சாய்ந்ததைத் தவிர வேறு பலன் இல்லை.

அந்தக் கறுப்புத் தண்ணீர் அடுத்துத் தேடிப் போவது சம்பை. நிலத்தடியில் மூடியோடு இருக்கும் அந்தத் தொட்டிதான் சென்னை வீட்டின் வயிறு. மூடி தரைமட்டத்தில் இருக்கும். வெள்ளம் அதற்கு மேலே. கார்ப்பரேஷன் தண்ணீர், லாரித் தண்ணீர், எல்லாம் அதில்தான் சேரும், மோட்டார் போட்டால் அப்படியே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும். சம்ப் ஒருமுறை கெட்டால் நான்கு மாடியும் கெட்டது.

இதையாவது கண்ணால் பார்க்கலாம், கழுவிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது தெருவுக்கு அடியில் நடக்கிறது. நம் ஊர்க் குழாய்களில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. முறை வைத்து வருகிறது. ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். கசிவு இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே பீறும், நஷ்டம் தண்ணீரோடு போயிற்று. நின்றுவிட்டால் குழாய் வெறுமையாகும். வெறும் குழாயைச் சுற்றியுள்ள மண் கழிவில் ஊறிக் கிடந்தால், அதே கசிவு வழியாக வெளியிலிருப்பது உள்ளே இறங்கும். சிலர் தண்ணீர் போதவில்லை என்று குழாயிலேயே நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அது பக்கத்துத் தெருச் சாக்கடையை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. கீழ்ப்பாக்கத்தில் எவ்வளவு அழகாக வடித்தாலும், தெருக்கோடியில் சேருகிறது இது. டெல்லியில் 1955இல் ஆறு செய்த எதிரோட்டத்தைத்தான் ஒவ்வொரு தெருவிலும் குழாய் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறது. வெள்ளக் காலத்தில் அது பெரிதாகிறது.

ஏரிகளைத் தூர்த்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1920களில் நெடிய ஏரியை வடித்துத் தியாகராய நகரைப் போட்டது, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலையில் எந்த ஏரியும் தெரியாதது, எல்லாம் ஊரறிந்த வேடிக்கை. நோயைப் பற்றிப் பேசும்போது அதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஏரிக்கு வரவுக்கால் என்றும் கலங்கல் என்றும் தனி வழிகள் இருந்தன: வருகிற தண்ணீருக்கு ஒன்று, மிஞ்சுகிற தண்ணீருக்கு ஒன்று. ஏரி வீட்டுமனையானபோது அந்த வழிகள் மறைந்துவிடவில்லை. சாக்கடையாயின. மழை தன் பழைய பாதையைத் தேடி வரும்போது அதில் ஏற்கெனவே குடியிருப்பவர் நம் கழிவுநீர். அதையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுதான் மழை நம் வீட்டுக்கு வருகிறது.

அந்த டிசம்பரில் எங்கள் தெருவைக் கழுவ வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லாரியில் வந்து, கல்யாண மண்டபத்தில் படுத்து, விடிந்தால் சேற்றில் இறங்கினார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு இளைஞர் எங்கள் வாசலில் நின்று என் மனைவியிடம், "அக்கா, கொஞ்சம் மஞ்சள்தூளும் தேங்காயெண்ணெயும் இருந்தா குடுங்க" என்றார். காலைக் காட்டினார். விரல் இடுக்குகள் வெந்தது மாதிரி வெளுத்து, பிளந்து, நடுவே சிவப்பு. சேற்றுப்புண்.

"பூட்ஸ் தரலையாப்பா?" என்றேன்.

"தந்தாங்க சார். சைஸ் சேரல. உள்ள ஒருதரம் தண்ணி பூந்துட்டா அவிச்சுவிட்ருது. இதுவே தேவலாம்."

எண்ணெயைக் குழைத்துப் பூசிக்கொண்டு, அதே சேற்றில் மறுபடி இறங்கிப் போனார். அவரிடம் நான் சொல்லாமல் விட்டதை நினைத்து இன்றைக்கும் கூசுகிறது. சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சேற்றுப்புண்ணை நாம் ஒரு தொல்லை என்று மட்டும் அறிவோம். அது ஒரு கதவு. எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா வெளியேறுகிறது. தேங்கிய தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்கு வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. வெடித்த பாதம், ஊறிய தோல், கண்ணின் ஈரம், எது கிடைத்தாலும் நுழையும். சாதாரண நாளில் எலி தன் வளையில், மனிதன் தன் வீட்டில். வெள்ளத்தில் எலி வளையிலிருந்து துரத்தப்பட்டு மேலேறுகிறது, மனிதன் கீழே இறங்குகிறான், இருவரும் ஒரே தண்ணீரில். பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம். காய்ச்சல், கெண்டைக்கால் கடுப்பு, கண் சிவப்பு. பலருக்கு அத்தோடு போகும். சிலருக்குச் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகும். நம் ஊரில் எலிக்காய்ச்சல், மலையாளிகளுக்கு எலிப்பனி. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த பிறகு ஆகஸ்டில் வந்தது இதுதான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் டாக்சிசைக்ளின் மாத்திரையை வீடு வீடாகவும் முகாம் முகாமாகவும் கொடுத்ததும் இதற்குப் பயந்துதான். அந்த இளைஞர் எந்த ஊருக்குத் திரும்பிப் போனாரோ, அந்த ஊரில்தான் அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் வந்திருக்கும். சென்னையின் கணக்கில் அது ஏறியிருக்காது.

இதைவிட நீண்ட ஒரு தாமதத்தை மதுரை காட்டியது. 1993 கடைசியில் அந்தப் பகுதியில் பெருமழை, வெள்ளம். அது வடிந்து ஊர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. 1994இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஒருவகை நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கண் சிவந்து, உள்ளே அழற்சி, பார்வை மங்கல். கண்ணின் உட்படலங்களைத் தாக்கும் யுவியைட்டிஸ். பழகிய காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. இந்த மருத்துவர்கள் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. கண்ணைப் பார்க்க வேண்டியவர்கள், வெள்ளத்தைப் பற்றி யோசித்தார்கள். ரத்தத்திலும் கண்ணுக்குள்ளிருந்த திரவத்திலும் லெப்டோஸ்பைராவின் தடயம் கிடைத்தது. 73 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 1997இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆஃப்தால்மாலஜி' இதழில் வந்தது. காய்ச்சல் வந்ததையே மறந்துவிட்டவர்களின் கண்ணில், மாதங்கள் கழித்து, வெள்ளம் வந்து நின்றிருந்தது.

கொசுவின் கணக்கு வேறு மாதிரி. வெள்ளம் ஓடும்போது கொசுப்புழு அடித்துக்கொண்டு போகும். முதல் வாரம் கொசு குறைந்ததுபோலக்கூட இருக்கும். ஏடிஸ் கொசு தன் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் அது சாகாது, தண்ணீர் ஏறிவந்து தொட வேண்டும் என்று காத்திருக்கும். வெள்ளம் விட்டுப்போகிற டயர், உடைந்த பிளாஸ்டிக் வாளி, தேங்காய்ச் சிரட்டை, பழுதாகிப் படிக்கட்டடியில் தள்ளிவைத்த ஃபிரிட்ஜின் அடித்தட்டு, எல்லாம் அதற்கு வீடு. போதாததற்கு, குழாயை நம்ப முடியாமல் நாமே குடம் குடமாகப் பிடித்துவைக்கிறோம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள், கொசு ஒருவரைக் கடித்து வைரஸை முற்றவைத்து இன்னொருவரைக் கடிக்க இன்னொரு பத்து நாள். டெங்கு வரும்போது தெரு உலர்ந்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015இல் எல்லோரும் பயந்த காலரா சென்னைக்கு வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும் கடற்கரை முகாம்களில் கொள்ளைநோய் கிளம்பவில்லை. இது அதிர்ஷ்டம் இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றியது சென்னை மாகாணம், 1939இல். பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறை, அதில் சுகாதார ஆய்வாளர், பூச்சியியலாளர் என்று தனிப் படிநிலை, இதெல்லாம் பல மாநிலங்களில் இன்றும் இல்லை. வெள்ளத்துக்கு மறுநாள் குளோரோஸ்கோப் குப்பியோடு தெருத்தெருவாகப் போய், குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அந்த ஆய்வாளரை யாரும் படம் எடுப்பதில்லை. குளோரின் இருந்தால் மஞ்சள். நிறமே வரவில்லை என்றால் அந்தத் தெருவுக்கு ஆபத்து. வாந்திபேதியை நம் ஊர் விரட்டியது பெரும்பாலும் அந்தக் குப்பியால்தான்.

படம் எடுக்கப்படுவது வேறு. தெரு ஓரமாக பிளீச்சிங் பவுடரைக் கோலம்போலக் கோடு இழுத்துக்கொண்டு போவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி. சேற்றிலும் குப்பையிலும் விழுந்த குளோரின் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அதே பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை அளவாகச் சம்பிலும் கிணற்றிலும் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் உயிர்களைக் காக்கும். பிணங்களைப் பற்றிய பயமும் அப்படித்தான். இயற்கைச் சீற்றத்தில் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவுவதாக ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அதை நம்பி அவசரமாகப் புதைத்துவிட்டு, பேர் தெரியாமல் போன உறவுகளைக் குடும்பங்கள் வருஷக்கணக்கில் தேடியிருக்கின்றன. இறந்தவர்கள் பெரும்பாலும் அடிபட்டோ மூழ்கியோ இறந்தவர்கள். நோய் உயிரோடிருக்கிறவர்களின் குடலிலும் குடத்திலும் இருக்கிறது.

சூரத்தையும் நினைத்துக்கொள்கிறேன். 1994இல் தாப்தி வெள்ளத்தைத் தொடர்ந்து, செப்டம்பரில், பிளேக் என்ற சொல் அந்த நகரத்தைக் காலி செய்தது. லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். இறந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். ஆனால் அவமானம் பெரிது. அடுத்த ஆண்டு ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் குப்பையை அள்ளுவதைப் பேச்சிலிருந்து வேலையாக்கினார். அதிகாரிகளை அறையிலிருந்து வெளியே அனுப்பித் தெருவில் நிற்கவைத்தார். இந்தியாவின் மிக அழுக்கான நகரங்களில் ஒன்று என்று பேரெடுத்த சூரத் சில ஆண்டுகளிலேயே சுத்தமான நகரம் என்று பேரெடுத்தது. இதில் மருத்துவம் என்று பார்த்தால் மிகக் குறைவு. முக்கால்வாசியும் குப்பை லாரி நேரத்துக்கு வருவதைப் பற்றியது.

நம் ஊரில் முகாம்கள் மூன்றாம் நாள் வருகின்றன, பத்தாம் நாள் போகின்றன. காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல், டெட்டனஸ் ஊசி. அந்த நாட்களுக்கு அவை தேவைதான். நான்காவது வாரத்தில் டெங்கு வார்டில் இருக்கிறவரிடமும் ஆறாவது வாரத்தில் காமாலையோடு வருகிறவரிடமும், "உங்க வீட்டுல அப்ப எவ்வளவு தண்ணி நின்னுது? சம்ப் எப்பக் கழுவினீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பதிவேடு போதும். அதற்குப் பெரிய செலவில்லை. எந்தத் தெருவில் குழாய் கெட்டிருக்கிறது என்பதை அந்த ஏடு வரைபடம்போலக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிக் காட்டிக்கொடுத்தால் அந்தத் தெருவைத் தோண்ட வேண்டியிருக்கும். அங்கேதான் செலவு.

போன மார்ச்சில் எங்கள் தெருவைத் தோண்டினார்கள், மழைநீர் வடிகாலுக்காக. வெயிலில் ஆளுயரப் பள்ளம். உள்ளே இரண்டு குழாய்கள் ஒரு சாண் இடைவெளியில் படுத்திருந்தன: ஒன்று துருப்பிடித்த பழைய இரும்பு, மற்றது கல்நார்ப்பூச்சு உதிர்ந்த ஒரு வயதான குழாய். பள்ளத்தில் நின்றிருந்த பிளம்பரிடம் எது எது என்று கேட்டேன்.

"இது குடிதண்ணி, அது ட்ரைனேஜ் சார். பொதுவா நல்ல தண்ணி மேல போகணும். இங்க மாறிப் போட்ருக்காங்க."

இரும்புக் குழாயின் இணைப்பு ஒன்றில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. பையிலிருந்து பழைய சைக்கிள் ட்யூபை எடுத்து, கத்தியால் நீளவாக்கில் கிழித்து, இழுத்துப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கையால் தடவிப் பார்த்தார். கசிவு நின்றிருந்தது. சாயங்காலம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.